அந்த ஷீட்டைக் கழற்றும் முன்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதமும் கூடவே வைத்திருந்த படங்களும் வந்து சேர்ந்தன. 1979-இல் கட்டிய வீடு. மொட்டை மாடியில் 1986-இல் போட்ட ஷீட் அறை. ஒரு காலத்தில் மாடு கட்டியிருந்து இப்போது ஸ்கூட்டர் நிற்கும் பின்பக்கக் கொட்டகை. கழிவறைத் தொட்டியிலிருந்து சுவரை ஒட்டி மேலே போகும் சாம்பல் நிறக் காற்றுக் குழாய். மெல்போர்னில் இருக்கும் மகன் வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மா, பேரனை அந்த ரூம்ல படிக்க விடாதீங்க" என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர், "எங்கப்பா அம்பது வருஷம் ஷீட்டுக்குக் கீழதான் படுத்தார், எண்பத்தெட்டு வயசு இருந்தார்" என்கிறார். நடுவில் மேஸ்திரி: "ரெண்டு ஆளு, ஒரே நாள். கட்டர் போட்டு எறக்கிடலாம்மா." மூவரில் யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மகன் சொல்வது பாதி சரி. பெரியவர் சொல்வது கால்வாசி சரி. மேஸ்திரி சொல்வதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்துவிடாதீர்கள். இந்தக் கடிதம் இவ்வளவு நீண்டதற்கு அவர்தான் காரணம்.

அந்த ஷீட்டில் இருப்பது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அது சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் தாது. பஞ்சுபோல நார்நாராகப் பிரியும், தீப்பிடிக்காது, மக்காது, இழுத்தால் சுலபத்தில் அறாது. 1901-இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்செக் இதைச் சிமென்டுடன் கலந்து மெல்லிய தகடாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். நம் ஊர் நெளி ஷீட் அதன் வாரிசுதான். அதில் கல்நார் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மீதி பெரும்பாலும் சிமென்டும் சாம்பலும். கான்கிரீட்டுக்குள் கம்பி செய்யும் வேலையைத் தகட்டுக்குள் அந்த நார் செய்கிறது.

இந்த ஷீட்டை வில்லனாக மட்டும் பார்ப்பதும் நியாயமில்லை. கீற்றுக் கூரையிலிருந்து ஷீட்டுக்கு மாறிய குடும்பத்திடம் கேட்டால் தெரியும், அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று. வருடாவருடம் கீற்று மாற்ற வேண்டாம், மழைக்கு ஒழுகாது, பாம்பும் எலியும் குடியிருக்காது, தீப்பொறி பறந்து வந்தால் பதற வேண்டாம். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணம் பள்ளியில் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்த பிறகு, பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றச் சொல்லி அரசு உத்தரவிட்டது. அந்த இடங்களில் பலவற்றில் ஏறியது ஷீட்தான். அன்று கையில் பணம் குறைவாக இருந்தவர்களுக்கு வேறு என்ன வழி இருந்தது?

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், அந்த நாரில். அது நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலியும். காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். வாசனை இல்லை, கண் எரியாது, தும்மல் வராது. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலின் அடிவரை இறங்கியதை உடம்பு கரைக்கத் தெரியாமல் தவிக்கும். நுரையீரல் இறுகிப்போவது, நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதெலியோமா என்னும் புற்றுநோய் எல்லாம் இதனால் வருகின்றன. குரல்வளைப் புற்றுநோயையும் சினைப்பைப் புற்றுநோயையும்கூட சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வெள்ளை, பழுப்பு, நீலம் என எந்த வகைக் கல்நாருக்கும் விதிவிலக்கு இல்லை. நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது வருடம்கூட ஆகும். வேலையிடத்தில் கல்நாரைச் சுவாசித்ததால் உலகில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

அந்தக் கணக்கில் "வேலையிடத்தில்" என்ற பகுதியைக் கவனியுங்கள். 1924-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் கல்நார் ஆலையில் வேலை செய்து முப்பத்து மூன்று வயதில் இறந்த நெல்லி கெர்ஷா என்ற பெண்ணைப் பற்றித்தான் மருத்துவ இதழில் முதன்முதலில் விரிவாக எழுதினார்கள். நோய் முதலில் பிடித்தது நாரைக் கையில் எடுத்தவர்களை. பெரியவரின் அப்பா எண்பத்தெட்டு வயது வரை இருந்ததற்கும் விளக்கம் இதுவே: அவர் ஷீட்டுக்குக் கீழே படுத்தார், ஷீட்டை அறுக்கவில்லை. உடையாத ஷீட், யாரும் தொடாதவரை, தன்னிடமுள்ள நாரைச் சிமென்டுக்குள் பிடித்து வைத்திருக்கிறது.

அப்படியானால் வீட்டில் இருப்பவருக்கு ஒன்றுமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. 1960-இல் வாக்னர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் 33 மீசோதெலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, அவர்களில் சுரங்கத்துக்குள் இறங்காதவர்களும் இருந்தார்கள். சிறு வயதில் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வசித்தது ஒன்றே அவர்களுடைய தொடர்பு. 1965-இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்ப்சன் என்ற இருவர் ஆராய்ந்தபோது, கல்நார்த் தொழிலாளியின் வீட்டிலிருந்த உறவினர்களும் நோயாளிகளில் இருந்தார்கள். வேலை முடிந்து வந்தவரின் சட்டை அந்த வீட்டுக்குள்தான் வந்தது. ஆகவே வீடு, வேலையிடம் என்று கோடு கிழிப்பதில் பயனில்லை. தூசி எங்கே எழுகிறது, எத்தனை நாள் எழுகிறது, யார் மூச்சில் போகிறது என்பதே கேள்வி. பெரியவருக்குக் கால்வாசி மதிப்பெண் கொடுத்தது இதனால்தான்.

இனி உங்கள் வீட்டைப் பார்ப்போம். மகன் அனுப்பிய ஆஸ்திரேலியப் பட்டியலைப் படித்து நீங்கள் தரை, சுவர்ப்பூச்சு, மேல்தளம் எல்லாவற்றையும் சந்தேகப்பட ஆரம்பித்திருக்கிறீர்கள். அது வேண்டாம். அங்கே கல்நார் சுவர்ப் பலகையிலும் வினைல் தரை ஓட்டிலும் சுடுநீர்க் குழாயைச் சுற்றிய உறையிலும் இருந்தது. 2003 கடைசியில்தான் முழுத் தடை வந்தது. நம் பழைய வீட்டின் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் ரெட் ஆக்சைடு தரையிலும் மொசைக்கிலும் அதைத் தேட வேண்டியதில்லை. மங்களூர் ஓடு சுட்ட மண். நம் வீடுகளில் இது உட்கார்ந்திருக்கும் இடங்கள் குறைவு: நெளி ஷீட், அதன் முகட்டுத் துண்டு, சில வீடுகளில் பொய்க்கூரையாக ஆணி அடித்த தட்டை ஷீட், மழைநீர் இறங்கும் குழாய், கழிவறைக் காற்றுக் குழாய், விறகடுப்புக் காலத்துப் புகைபோக்கி. மேஸ்திரிகள் "ஏ.சி. ஷீட்", "ஏ.சி. பைப்" என்று சொன்னால் அது குளிர்சாதனம் அல்ல, ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்.

ஆய்வகத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டீர்கள். 1986-இல் போட்ட சாம்பல் நிற நெளி ஷீட்டுக்கு அந்தச் செலவு வீண். கல்நார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அண்மையில் போட்டது, விற்றவர் "இதுல ஆஸ்பெஸ்டாஸ் கெடயாதுங்க" என்று சத்தியம் செய்தது, தட்டைப் பலகை போன்றவற்றுக்குச் சோதனை பொருந்தும். ஏற்கெனவே உடைந்த ஓரத்தைத் தண்ணீரால் நனைத்து நகக்கண் அளவு துண்டை எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஜிப் கவரில் போட்டால் போதும். துருவ ஒளி நுண்ணோக்கியில் பார்ப்பவர் வகையையே சொல்லிவிடுவார். துண்டு எடுப்பதற்காக நல்ல ஷீட்டை உடைக்க வேண்டாம்.

பரிசோதிக்கிறேன் என்று மேலே ஏறவும் வேண்டாம். ஷீட் உடைந்து விழுந்து தொழிலாளி பலி என்ற செய்தி நம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களுக்குப் புதிதல்ல. பந்து எடுக்க ஏறிய பையன், டிஷ் ஆன்டெனா திருப்ப ஏறியவர், ஒழுகலுக்கு எம்-சீல் வைக்க ஏறிய எலக்ட்ரீஷியன். பழைய ஷீட் ஆள் கனத்தைத் தாங்காது. போல்ட் இருக்கும் வரிசையில் கால் வைத்தால் போதும் என்ற நம்பிக்கை பலரைக் கொன்றிருக்கிறது. நாற்பது வருடம் கழித்து வரும் புற்றுநோயைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், நாற்பது நொடியில் வரும் சாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. எதிர்வீட்டு மாடியில் நின்று பைனாகுலரில் பாருங்கள். கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

எதைப் பார்ப்பது? பிரிட்டனில் ஆய்வாளர்கள் ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். பயத்தையும் அலட்சியத்தையும் ஒரே தாளில் அளந்துவிடும். நான்கு கேள்விகள். பொருள் எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு 1 முதல் 3: சிமென்ட் ஷீட்டுக்கு 1, கைபட்டாலே உதிரும் உறைக்கு 3. சேதம் எவ்வளவு என்பதற்கு 0 முதல் 3. மேற்பரப்பு மூடியிருக்கிறதா என்பதற்கு 0 முதல் 3. சிமென்ட் ஷீட்டுக்கு வழக்கமாக 1. கல்நார் வகைக்கு வெள்ளை 1, பழுப்பு 2, நீலம் 3. கூட்டினால் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயம் அதிகம். 7 முதல் 9 வரை நடுத்தரம். 5, 6 குறைவு. 4-க்குள் என்றால் மிகக் குறைவு.

உங்கள் மாடி அறை ஷீட்டில் ஓரமாக ஒரு கீறல், மேலே கறுப்புப் பாசி. 1, 1, 1, 1. மொத்தம் 4. கறாரான ஆய்வாளர் சோதிக்காமல் வெள்ளை வகை என்று ஒப்புக்கொள்ள மாட்டார், 3 போடுவார், அப்போதும் 6-தான். கொட்டகையில் ஒரு மூலை உடைந்து தொங்குகிறது. அதற்கு ஒன்று கூடும். உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன காற்றுக் குழாயைப் பாருங்கள். படத்தில் அது இரண்டு இடத்தில் பிளந்திருக்கிறது, அடியில் துண்டுகள் கிடக்கின்றன. சேதம் 3. பழைய சிமென்ட் குழாய்களில் நீலக் கல்நார் கலப்பது பல நாடுகளில் வழக்கமாக இருந்ததால், சோதிக்காதவரை வகைக்கும் 3 போட வேண்டும். ஆக மொத்தம் 8. மகனும் பெரியவரும் மேஸ்திரியும் கூரையைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, வீட்டில் அதிக மதிப்பெண் வாங்கியிருப்பது துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தக் குழாய்.

இந்த மதிப்பெண் பொருளைப் பற்றி மட்டுமே பேசும். அந்த ஆய்வாளர்கள் இரண்டாவது தாளையும் எடுப்பார்கள்: அங்கே யார் இருக்கிறார்கள், எவ்வளவு நேரம், அந்தப் பொருளைக் கை தொடுமா, அடிக்கடி ரிப்பேர் வேலை நடக்குமா? நம் வீடுகளில் முடிவு செய்வது இந்த இரண்டாவது தாள்தான். உங்கள் பேரனுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை என்று தெரிகிறது. 2013-இல் பிரிட்டனின் புற்றுநோய்க் காரணிகள் குழு ஒரு கணக்கைச் சொன்னது: ஒரே அளவு கல்நாரை ஐந்து வயதுக் குழந்தையும் முப்பது வயதுக்காரரும் சுவாசித்தால், வாழ்நாளில் மீசோதெலியோமா வரும் வாய்ப்பு குழந்தைக்கு ஏறத்தாழ 5 மடங்கு. குழந்தையின் நுரையீரல் பலவீனமா இல்லையா என்பதல்ல இதற்குக் காரணம். அந்த நோய் வளர்வதற்குக் குழந்தைக்கு முன்னால் கிடக்கும் வருடங்கள் அதிகம். மகனுக்குப் பாதி மதிப்பெண் கொடுத்தது இதற்காக. அவர் கவலைப்படுவது நியாயம். அந்த அறையில் உட்கார்ந்து படிப்பதாலேயே ஆபத்து என்பது மட்டும் நியாயமில்லை. அறைக்கு நேரும் கை வேலைகள்தான் கவலைக்குரியவை.

ஏப்ரல் வந்தால் ஷீட் அறை அடுப்பாகிவிடும். உடனே யாராவது ஒருவர் வந்து, தெர்மோகோலோ பி.வி.சி.யோ பொய்க்கூரை போடலாம் என்பார். அதற்கு ஷீட்டைத் துளைத்துக் கம்பி தொங்கவிடுவார். இன்னொருவர் வெள்ளைக் குளிர்ச்சிப் பெயின்ட் அடிக்க வருவார். பெயின்ட் பிடிக்க வேண்டுமே என்று கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டுவார், பிறகு வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் மெஷினால் கழுவுவார். பாசியோடு சேர்ந்து, பல வருட வெயிலிலும் மழையிலும் சிமென்ட் கரைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாரும் கிளம்பும். பெயின்ட் அடிப்பது நல்ல யோசனைதான்: வெப்பமும் குறையும், மேற்பரப்பும் மூடிக்கொள்ளும். சுரண்டாமல், பீய்ச்சாமல், பாசி கொல்லும் மருந்தை மெதுவாகத் தெளித்து, காய்ந்தபின் ஏணியையும் பலகையையும் வைத்துக்கொண்டு அடிக்கும் ஆள் கிடைத்தால் செய்யுங்கள். பொய்க்கூரை வேண்டுமென்றால் சுவரில் பிரேம் பொருத்தச் சொல்லுங்கள், ஷீட்டை டிரில்லிங் மெஷின் தொடக்கூடாது.

மழைநீர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு பல வீடுகளில் சேகரிப்புத் தொட்டி இருப்பதால் இந்தப் பயம் பலருக்கும் உண்டு. குடிநீரில் வரும் கல்நாருக்கு உலக சுகாதார நிறுவனம் தனியாக வரம்பு எதுவும் வைக்கவில்லை. வயிற்றுக்குள் போவதைவிட மூச்சில் போவதே கேடு என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. கிணற்றில் விடுங்கள். ஆனால் ஓரத்து வாய்க்காலில் தேங்கும் சேற்றைக் காய்ந்தபின் துடைப்பத்தால் கூட்டவேண்டாம், ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிடுங்கள்.

இனி மேஸ்திரி.

ஷீட்டைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த ஜே போல்ட்டைக் கழற்ற நேரமாகும். அதனால் கட்டரை வைத்து ஷீட்டோடு சேர்த்து அறுத்துவிடுவார்கள், அல்லது சுத்தியலால் நாலு தட்டு தட்டித் துண்டு துண்டாகக் கீழே போட்டுவிடுவார்கள். பிரிட்டனின் பாதுகாப்புக் கையேடு ஒன்றில் வேலைவாரியாக அளந்த கணக்கு உண்டு. போல்ட்டைக் கழற்றி ஷீட்டை முழுசாக இறக்கினால், அருகில் இருப்பவர் சுவாசிக்கும் காற்றில் ஒரு மில்லிலிட்டருக்கு அரை நார் வரை. கைரம்பத்தால் அறுத்தால் ஒன்று வரை. சுழலும் கட்டரால் உலர அறுத்தால் 15 முதல் 25 வரை. அந்த நாட்டில் சட்டம் வைத்திருக்கும் உச்ச வரம்பு 0.1. நாற்பது வருடம் உங்கள் தலைக்கு மேல் சும்மா கிடந்த ஷீட், அந்த ஒருநாள் சம்பள மிச்சத்துக்காக, தெருவே சுவாசிக்கும் தூசியாகும். அதை முதலில் இழுப்பவர் கட்டரைப் பிடித்திருப்பவர். முகத்தில் ஒரு கைக்குட்டை கட்டியிருப்பார். கைக்குட்டையும் ஆஸ்பத்திரி முகக்கவசமும் ஈரத்துண்டும் இந்த நாருக்குத் தடையே இல்லை.

1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில், அவர்களுடைய உடல்நலம் அடிப்படை உரிமையைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடமோ, வேலையை விட்டபின் 15 வருடமோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. ஆலைக்குள் பதிவேடு உண்டு. உங்கள் மாடியில் ஷீட் அறுக்க வரும் ஆளுக்கு எந்தப் பதிவேடு? இருபத்தைந்து வருடம் கழித்து அவர் மூச்சுத் திணறி அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும்போது, பீடியைப் பற்றிக் கேட்பார்கள், காசநோய்ச் சோதனை செய்வார்கள். ஷீட் அறுத்தீரா என்று கேட்கும் மருத்துவர் அபூர்வம். புகைப்பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்காகப் பெருகும் என்பது 1960-களிலேயே நியூயார்க்கில் மருத்துவர் இர்விங் செலிகாஃப் காட்டிய விஷயம்.

ஆகவே இறக்கத்தான் வேண்டும் என்றால் இப்படி. மழை நின்ற, காற்றில்லாத நாளாகப் பாருங்கள். ஆடிக் காற்றில் வேண்டாம். பேரனை அன்றைக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், துணியை எடுத்துவிடுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். சிறிது பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரைக் கைத்தெளிப்பானால் இரண்டு பக்கமும் நனைக்கச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை ஈரம் காயக்கூடாது. போல்ட்டை எண்ணெய் விட்டுக் கழற்ற வேண்டும். வராவிட்டால் அடியிலிருந்து கொக்கிப் பக்கத்தை போல்ட் கட்டரால் வெட்டலாம். ஷீட்டைத் தள்ளிவிடாமல் சாரத்தில் நின்று முழுசாகக் கை மாற்றிக் கை இறக்க வேண்டும். வேலை செய்பவர்களுக்கு எஃப்.எஃப்.பி. 3 தர முகக்கவசமும் ஒருநாள் உடையும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள், அது உங்கள் செலவு. தாடி இருந்தால் கவசம் ஒட்டாது. முடிந்ததும் துடைப்பம் எடுக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் கட்டிப் போடுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனர் நாரை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் ஊதும்.

போடுவது எங்கே என்பதில்தான் நம் ஊர் வழுக்குகிறது. தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி "கல்நார்" என்று எழுதி வைத்துவிடலாம். அதை வாங்கிக்கொள்ள யார் வருவார்கள்? ஆலைகளின் அபாயக் கழிவுக்குக் கும்மிடிப்பூண்டியில் தனி இடம் இருக்கிறது. வீட்டுக்காரர் இருபது ஷீட்டோடு போய் நிற்கும்படியான ஏற்பாடு எதுவும் நம் தெருவரை வந்து சேரவில்லை. மாநகராட்சிப் பொறியாளரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். பலர் கேட்டால்தான் அவருக்கு மேலே இருப்பவர் யோசிப்பார். தானே, வர்தா, கஜா என்று ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் பறந்து நொறுங்கிய ஷீட்டைக் குழி நிரப்பவும் பாதை போடவும் பயன்படுத்தினோம். வண்டி ஏறி ஏறி அது மாவாகும்.

எத்தனை வீடுகளில் இது இருக்கிறது என்று கேட்டீர்களானால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தகரம், உலோகத் தகடு, கல்நார் மூன்றையும் ஒரே கட்டத்தில் போட்டு எண்ணியது. நாட்டின் கூரைகளில் கல்நார் எவ்வளவு என்று அரசு தனியாகக் கேட்டுக்கொள்ளவே இல்லை. சுரங்கத்துக்குப் புதுக் குத்தகை தருவதை 1986-இல் நிறுத்திவிட்டோம். ரஷ்யா, கஜகஸ்தான், பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக வாங்குவதை நிறுத்தவில்லை. பிரேசிலின் உச்ச நீதிமன்றம் 2017-இல் தன் நாட்டுக்குள் தடை செய்த பொருளை நாம் வாங்குகிறோம். தடை செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். 2018 முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் போவதாக அங்கே அறிவித்தார்கள். 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கு ஒன்றில் வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. இலங்கை கல்நார்த் தடையைத் தள்ளிவைத்தது, தேயிலை மீண்டும் போனது. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூலியும் கொழும்புக் கூரையின் ஷீட்டும் ஒரே தராசில் ஏறிய கதை அது. என் கருத்து வெளிப்படையானது: பழையதைப் பதறாமல் பார்த்துக்கொள்ளலாம், புதிதாக ஒரு ஷீட்கூடப் போடக்கூடாது.

உங்கள் வீட்டுக்கு என் தீர்ப்பு. முதல் வேலை காற்றுக் குழாய். கீழே கிடக்கும் துண்டுகளை நனைத்துப் பொறுக்கிக் கட்டுங்கள், குழாயை மேலே சொன்னபடி இறக்கி பி.வி.சி. போடுங்கள், துணிக்கொடியை அதுவரை இடம் மாற்றுங்கள். கொட்டகையில் உடைந்த ஒரு ஷீட்டை மட்டும் மாற்றினால் போதும். மாடி அறையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பேரன் அங்கேயே படிக்கட்டும். கூரையில் பந்தடிக்காமலும் ஷீட்டில் ஆணி அடித்துத் தோரணம் கட்டாமலும் இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை அதே இடத்திலிருந்து படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கீறல் நீண்டால், அடியில் வெள்ளையாக நார் தெரிந்தால், மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். மாற்றும்போது பணம் இருந்தால் தளம் போடுங்கள். இல்லாவிட்டால் உலோக ஷீட்டும் அதற்கடியில் வெப்பத் தடுப்பும் போதும்.

கணவருக்கு ஸ்கேன் எடுக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஷீட்டுக்குக் கீழே குடியிருந்தார் என்பதற்காக மட்டும் வேண்டாம். உள்ளே போன நாரை எண்ணிச் சொல்லும் சோதனை கிடையாது, வீண் கதிர்வீச்சும் வீண் கலக்கமும்தான் மிஞ்சும். அவர் இளவயதில் ஷீட் கம்பெனியிலோ பிரேக் லைனிங் வேலையிலோ கொதிகலன் இருக்கும் ஆலையிலோ இருந்திருந்தால் விஷயம் வேறு. அதை நெஞ்சக மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகரெட் பிடிப்பவரானால் அதை நிறுத்துவதைவிடப் பெரிய மருந்து இதற்கு இல்லை.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஷீட்டை இறக்கும் அன்று, கேட்டுக்கு வெளியே யாராவது ஒருவர் வந்து நிற்பார். "நல்லா இருக்கே அம்மா, எனக்குக் குடுத்திடுங்க, ஆட்டுக்கொட்டகைக்கு ஆகும்" என்பார். பழைய சாமான் கடைக்காரர் எண்ணிக்கைக்கு விலை சொல்லுவார். இல்லாதவருக்குக் கொடுத்த புண்ணியம் என்று உங்களுக்கும் தோன்றும். உங்கள் கூரையில் இருந்த ஷீட் இன்னொரு கூரைக்குப் போகும், அங்கே அளவுக்கு அறுப்பார்கள், புதிதாகத் துளை போடுவார்கள், ஆட்டுக்கொட்டகை நாளைக்குப் படுக்கையறை ஆகும். அவருக்குத் தகர ஷீட் வாங்கிக் கொடுக்க முடிந்தால் வாங்கிக் கொடுங்கள். அந்தப் பழைய ஷீட்டை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்